பந்தி விசாரணையும் சபையின் நோக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவத் திருச்சபை தன் தொடக்க நோக்கத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது என்ற கேள்வி, தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் சில நாள்களாக அலசப்பட்டு வருகிறது. அப்போஸ்தலரிடமிருந்து அறுபடாமல் வரும் ஆயர் வரிசையே அடையாளம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கலப்பற்ற உபதேசமே அடையாளம் என்றார் மற்றொருவர். ஆண்டுதோறும் பெருகும் விசுவாசிகளின் எண்ணிக்கையே போதுமான சாட்சி என்பது மூன்றாமவரின் வாதம். நான் இறையியல் கற்றவன் அல்லன். ஒரு சபையில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்து, காணிக்கையை எண்ணிக் கணக்கெழுதியவன். அந்த வேலை எனக்குக் கற்றுத்தந்த ஒன்றை, மூவரும் தொடாமல் விட்ட ஒன்றை, இங்கே எழுத விரும்புகிறேன். ஒரு சபையின் பந்தியில் யார் எங்கே உட்காருகிறார்கள், அதன் காணிக்கைப் பை யாருக்காகத் திறக்கிறது என்ற இரண்டையும் பார்த்தால், அது எதற்காகத் தொடங்கியதோ அதைச் செய்துகொண்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும் என்பதே என் கருத்து.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய ஏற்பாடு சபைக்கு வழங்கும் கிரேக்கச் சொல் ‘எக்ளேசியா’. ஒரு நகரத்தின் குடிமக்கள் அழைப்பின் பேரில் கூடிய அவைக்கு அதுவே பெயர். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களும் இஸ்ரவேலரின் கூட்டத்தைக் குறிக்க அதையே பயன்படுத்தினார்கள். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் ‘சபை’ என்ற சொல்லைத் தேர்ந்தது மிகப் பொருத்தமானது. அவர்கள் அதைக் காப்பாற்றித் தந்தும், பேச்சில் நாம் சபை என்றாலே சுவரையும் கோபுரத்தையும்தான் நினைக்கிறோம். தொடக்கத் தலைமுறைகளுக்குத் தனிக் கட்டடமே இல்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீட்டிலும் பிலேமோனின் வீட்டிலும் கூடிய சபைகளைப் பவுல் பெயர் சொல்லியே வாழ்த்துகிறார். யூப்ரடீஸ் நதிக்கரையில் தூரா யூரோபஸ் என்னும் ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கிறிஸ்தவக் கூடம், 240ஆம் ஆண்டையொட்டி மாற்றியமைக்கப்பட்ட ஒரு சாதாரண வீடு. நடுச்சுவரை இடித்து இரண்டு அறைகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள், மற்றோர் அறையை ஞானஸ்நானத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கட்டடம் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சபை எதற்காகத் தோன்றியது என்று தேடும்போது, கட்டடத்தில் விடை கிடைக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சபை என்ன செய்தது? அப்போஸ்தலருடைய நடபடிகள் இரண்டாம் அதிகாரம் உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம் என நான்கைச் சொல்கிறது. இந்த நான்கையும் நாம் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம்; ஆனால் அடுத்த வசனங்களில், அவர்கள் தங்கள் காணியாட்சிகளையும் ஆஸ்திகளையும் விற்று, ஒவ்வொருவனுக்கும் தேவையானதற்குத் தக்கதாகப் பகிர்ந்துகொடுத்தார்கள் என்று வருவதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். அது ஆரம்ப நாள்களின் உற்சாகம், நடைமுறைக்கு ஒத்துவராதது என்று ஒரு விளக்கமும் சேர்த்துக்கொள்கிறோம். நடைமுறைச் சிக்கலைப் பற்றி, அந்நூலை எழுதிய லூக்காவே ஆறாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அதை அவ்வளவு கவனமாக நாம் படிப்பதில்லை.

எருசலேம் சபைக்குள் எழுந்ததாக அவர் பதிவு செய்யும் முதல் முறுமுறுப்பு, கிறிஸ்துவின் தன்மையைப் பற்றியதோ வேதவிளக்கத்தைப் பற்றியதோ அன்று. அன்றாட விசாரணையில், அதாவது நாள்தோறும் உணவு பகிர்வதில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடப்பட்டார்கள் என்பதே புகார். எபிரேய மொழிக்காரர்கள் பெரும்பான்மை. பகிர்வும் அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். இந்தப் புகாரைச் சில்லறை விஷயம் என்று அப்போஸ்தலர்கள் ஒதுக்கவில்லை. சபையார் அனைவரையும் கூட்டினார்கள். தேவவசனத்தைப் போதியாமல் பந்திவிசாரணை செய்வது தங்களுக்குத் தகுதியல்ல என்று அவர்கள் சொன்னதை, போதனை உயர்ந்தது, பந்தி தாழ்ந்தது என்று பொருள்கொள்வோர் உண்டு. ஆனால் பந்திக்கு நியமிக்கப்படுபவர்களிடம் அவர்கள் எதிர்பார்த்த தகுதியைப் பாருங்கள்: பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்திருக்க வேண்டும், நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும். சோறு பரிமாறுவதற்கு இவ்வளவு தகுதி கேட்ட சமூகம், அதைச் சோறு பரிமாறுதல் என்று மட்டும் எண்ணியிருக்க முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேர் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் புறக்கணிக்கப்பட்டார்களோ அவர்களின் தரப்பிலிருந்தே பகிர்வோரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பலரும் கருதுவதற்கு அதுவே காரணம். பெரும்பான்மையினர் நாங்கள் இனிச் சரியாகக் கவனித்துக்கொள்கிறோம் என்று வாக்குறுதி கொடுத்து முடித்துக்கொள்ளவில்லை, கரண்டியையே கைமாற்றிவிட்டார்கள். நான் அறிந்த எந்தச் சபைக் குழுவும் ஒரு புகாருக்கு இப்படித் தீர்வு கண்டதில்லை, என் பொருளாளர் காலத்துக் குழுவையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதைவிடக் கடுமையான சான்று கொரிந்துவிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 55ஆம் ஆண்டில் அந்தச் சபைக்கு எழுதிய நிருபத்தில், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் அவர்களுடைய திருவிருந்தைக் குறித்துச் சொல்கிறார். வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தாங்கள் கொண்டுவந்ததை உண்டு முடித்துவிட, உழைத்துக் களைத்துத் தாமதமாக வந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதுபோன்ற நிலைமையாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது பவுல் அளிக்கும் தீர்ப்பு. அவர்களிடம் அப்பம் இருந்தது, பாத்திரம் இருந்தது, அவர் முன்பு ஒப்புவித்த இயேசுவின் வார்த்தைகளும் இருந்தன; ஆயினும் நீங்கள் கூடிவந்து செய்வது கர்த்தருடைய இராப்போஜனம் அன்று என்கிறார். குறையுள்ள இராப்போஜனம் என்றுகூடச் சொல்லவில்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்திய பந்தியில் சடங்கு சரியாக நடந்திருந்தாலும் அது நடக்கவே இல்லை என்பதே பொருள். பொன்மோதிரம் அணிந்து வந்தவனுக்கு நல்ல இடமும், கந்தையோடு வந்தவனுக்குப் பாதபடியண்டையில் இடமும் காட்டுவதை யாக்கோபு கண்டித்ததும் இதே பார்வையில்தான்.

வேத நூலுக்கு வெளியே உள்ளவர்கள் என்ன கண்டார்கள் என்பதும் முக்கியம். 112ஆம் ஆண்டையொட்டிப் பித்தினியா பகுதியின் ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு அனுப்பிய அறிக்கையில், இவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம் என்று உறுதியெடுக்கிறார்கள், கலைந்துபோய் மீண்டும் கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள் என்று தான் விசாரித்தறிந்ததை எழுதினார். உண்மையை வரவழைக்க அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. அவர்களைச் சபை ‘ஊழியக்காரிகள்’ என்னும் பொறுப்புப் பெயரால் அழைத்ததாக அவரே குறிப்பிடுகிறார். வெளியுலகில் விலைக்கு விற்கப்படக்கூடியவர்கள் உள்ளே பொறுப்பில் இருந்தார்கள் என்பது, ஓர் ஆளுநரின் அலட்சியமான வரியில் தற்செயலாகப் பதிவாகியிருக்கிறது.

155ஆம் ஆண்டையொட்டி எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பேரரசருக்கு விளக்குகிறார். வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் ரசமும் பகிர்தல், வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுக்கிறார்கள், அது அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் போகிறது என்கிறார். காணிக்கை எடுத்தல் அவருக்கு ஆராதனையின் இடைவேளை அன்று. அதன் ஓர் அங்கம். எதிர்த்தரப்பில் கேலி எழுத்தாளர் லூசியன் இருக்கிறார். ஒரு மோசடிக்காரன் கிறிஸ்தவனாக நடித்துச் சிறைப்பட்டபோது, விதவைகளும் அனாதைப் பிள்ளைகளும் அதிகாலையிலிருந்தே சிறைவாசலில் காத்திருந்ததையும், வெளியூர்ச் சபைகள்கூடப் பணத்தோடு ஆளனுப்பியதையும் எழுதி, எந்தத் தந்திரக்காரனும் இவர்களிடம் சீக்கிரம் பணக்காரனாகிவிடலாம் என்று நகைக்கிறார். அக்காலச் சபையைப் பற்றி அவர் கண்ட குறை, ஏமாறுமளவுக்குக் கொடுக்கிறார்கள் என்பதே. இன்று நம்மைப் பற்றி எவரும் அந்தக் குறையைச் சொல்வதாகத் தெரியவில்லை.

உபதேசத் தூய்மையே அடையாளம் என்று எழுதிய வாசகருக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனெனில் அவருடைய வாதம் இலேசானது அன்று. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, சுவிசேஷம் தூய்மையாகப் போதிக்கப்பட்டுத் ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய திருவருட்சாதனங்கள் முறையாக வழங்கப்படும் விசுவாசிகளின் கூட்டமே சபை என்றது. 1561ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கை, இவ்விரண்டோடு சபை ஒழுங்கையும் சேர்த்து மூன்று அடையாளங்களாக்கியது. அந்தச் சீர்திருத்த மரபினர் பந்தியை மறந்தவர்களும் அல்லர்: லைஸ்னிக் என்னும் ஊர் 1523இல் ஏழைகளுக்கான பொதுப்பெட்டி ஏற்படுத்தியபோது அதன் விதிமுறைகளுக்கு லூத்தர் முன்னுரை எழுதினார், ஜெனீவாவின் 1541ஆம் ஆண்டுச் சபை ஒழுங்குமுறை, உதவிப்பணத்தை நிர்வகிப்போர், நோயாளிகளைப் பராமரிப்போர் என உதவிக்காரர் பணியையே இரண்டாகப் பிரித்தது. ஆனால் அடையாளங்களைப் பட்டியலிட்டபோது பந்தி அந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. அதன் விளைவு என்ன என்பதைத் தென்னாப்பிரிக்காவில் உலகம் கண்டது.

அங்கிருந்த டச்சு சீர்திருத்தச் சபை, மேற்சொன்ன பெல்ஜிய அறிக்கையையே தன் விசுவாசமாக ஏற்ற சபை. நிறத்தின் அடிப்படையில் தனித்தனியே திருவிருந்து கொடுக்கலாமா என்ற கேள்வி 1829இல் கேப் பகுதியின் சினோடு, அதாவது சபையின் ஆட்சிமன்றம், முன் வந்தபோது, நிறமோ பிறப்போ பாராமல் எல்லா அங்கத்தினரும் ஒன்றாகவே பந்தியில் சேர வேண்டும் என்று அது முடிவு செய்தது. 28 ஆண்டுகள் கழித்து, 1857இல், அதே சினோடு வேறொரு தீர்மானத்துக்கு வந்தது. ஒரே சபையில் எல்லாரும் சேர்வதே விரும்பத்தக்கது, வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்ட பிறகு, ‘சிலருடைய பலவீனத்தினிமித்தம்’ தனிக் கட்டடங்களில் தனி ஆராதனை நடக்கலாம் என்று அனுமதித்தது. அந்தத் தீர்மானத்தின் சொற்கள் என்னைப் பலநாள் உறங்கவிடாதவை. வேதம் இன்னது சொல்கிறது என்று தெரிந்தே, அதற்கு எதிரானதை இரக்கத்தின் மொழியில் அனுமதித்திருக்கிறார்கள். பலவீனர் என்று இரக்கம் பெற்றவர்கள், கறுப்பர்களோடு ஒரே பாத்திரத்தில் பருக விரும்பாத வெள்ளையர்கள். வெளியே அனுப்பப்பட்டவர்களின் பலவீனத்தை எவரும் கேட்கவில்லை. 1881இல் நிறத்தின் பேரில் தனிச்சபையே அமைந்தது. சலுகையாகத் தொடங்கியது பின்னர் கொள்கையாகி, அரசின் இனஒதுக்கலுக்கு வேத நியாயமும் கற்பித்தது.

இந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் அந்தச் சபையின் விசுவாச அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. போதனை இருந்தது, திருவருட்சாதனம் இருந்தது, ஒழுங்கும் கடுமையாகவே இருந்தது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, இனஒதுக்கலுக்குக் கற்பிக்கப்பட்ட இறையியல் நியாயத்தைக் கள்ள உபதேசம் என்று அறிவித்து, அதை ஆதரித்த இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில், ஒதுக்கப்பட்டவர்களின் சபை பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் ஏற்றுக்கொண்டது. சபையின் ஒற்றுமை கண்ணால் காணத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை வற்புறுத்துவது, பந்தியிலிருந்து எழுப்பப்பட்டவர்களின் குரல் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டியது. உபதேசம் பந்தியில் பொய்த்துப்போகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டியவருக்கு நீண்ட பதில் தேவையில்லை. நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்ட லவோதிக்கேயா சபைக்கு, நீ தரித்திரன், குருடன், நிர்வாணி என்ற செய்தி போனதை வெளிப்படுத்தின விசேஷத்தில் அவர் படித்திருப்பார். ஆயர் வரிசையைச் சொன்னவரிடம் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு; அந்த வரிசையில் வந்தவர்களே சிலவேளை என் பக்கம் பேசுகிறார்கள். மிலான் நகரின் ஆயர் அம்புரோசு, சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்பதற்காகத் திருப்பாத்திரங்களை உருக்கினார். அதற்காகக் குற்றம் சாட்டப்பட்டபோது, ஆத்துமாக்களைக் காப்பதா பொன்னைக் காப்பதா என்ற கேள்வியையே தன் நியாயமாக வைத்தார். கிறிசோஸ்தோம், ஆலயத்தில் கிறிஸ்துவுக்குப் பட்டுத்துணி போர்த்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி இருக்கும் அவரைக் கடந்துபோகாதீர்கள் என்று பிரசங்கித்தார். செசரியாவின் பசிலியார், ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தம் நகருக்கு வெளியே பெரியதோர் இல்லத்தை அமைத்தார். பேரரசின் ஆதரவும் செல்வமும் வந்துசேர்ந்த நான்காம் நூற்றாண்டிலேயே இவையெல்லாம் நடந்தன. ஆகவே, பணம் வந்ததனாலேயே சபை கெட்டது என்ற சுலபமான கதையை நான் நம்பவில்லை.

அப்படியானால் சபையைத் தர்ம ஸ்தாபனமாக்கச் சொல்கிறீரா என்று கேட்கப்படலாம். அல்ல. பசித்தவருக்கு உணவளிக்கும் அமைப்புகள் உலகில் எத்தனையோ உண்டு. சிலவற்றின் நிர்வாகம் நம்முடையதைவிட நேர்த்தியானது. சபை வேறு காரணத்துக்காகப் பந்தி போடுகிறது. நடபடிகள் நான்காம் அதிகாரத்தில், அப்போஸ்தலர்கள் உயிர்த்தெழுதலைப் பற்றி மிகுந்த பலத்தோடு சாட்சி கொடுத்தார்கள் என்ற வசனத்தை ஒட்டியே, அவர்களில் ஒருவனுக்கும் குறைவிருந்ததில்லை என்ற வசனம் வருகிறது. கொல்லப்பட்டவர் உயிரோடிருக்கிறார் என்று நம்பியவர்கள் தங்கள் நிலத்தை இறுகப் பற்றிக்கொண்டிருக்கவில்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் எஞ்சுவது நல்ல காரியமாக இருக்கலாம், சபையாக இராது. அந்த நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பந்தியை எடுத்துவிட்டாலும் சபை நிற்காது என்பதை, அதே வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு எழுதியது காட்டுகிறது. கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்ததற்காக அந்தச் சபைக்குப் பாராட்டு கிடைக்கிறது; ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டுவிட்டதற்காக, விளக்குத்தண்டே நீக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதே மூச்சில் வருகிறது.

இனி என் கணக்குப் புத்தகத்துக்கு வருகிறேன். நான் பொறுப்பேற்றபோது கட்டட நிதிக்குத் தனிப் பேரேடு இருந்தது. கொடுத்தவர்களின் பெயர்கள் தொகை வரிசையில் அறிவிக்கப்பட்டன, பெருந்தொகை தந்தவர்களுக்குச் சுவரில் கல்வெட்டும் உண்டு. விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்தது ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பின் கீழ், தபால் செலவுக்கும் ஒலிபெருக்கி பழுதுபார்த்ததற்கும் நடுவில் எழுதப்பட்டது. நானும் பல ஆண்டுகள் அப்படியே எழுதினேன். உதவி கேட்டு வந்த ஓர் அம்மாளின் விண்ணப்பம், குழு கூடவில்லை என்பதற்காக என் மேசையறையில் நான்கு மாதம் கிடந்தது; அதே காலத்தில் முன்வாசல் கதவுக்கான செலவை ஒரே மாலையில் அனுமதித்தோம். எவரும் திருடவில்லை, தணிக்கையில் ஒரு குறையும் வரவில்லை. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியே எடுத்துச்செல்லாமல், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனோடு அனுப்பி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமின்றி மனிதருக்கு முன்பாகவும் நேர்மையாக நடக்க நாடுகிறோம் என்று எழுதியதை நான் பிந்தித்தான் கவனித்தேன். கணக்கு சரியாக இருப்பதும் கணக்கு எதைச் சொல்கிறது என்பதும் வேறுவேறு என்பது அப்போதுதான் உறைத்தது.

251ஆம் ஆண்டில் ரோமாபுரி ஆயராக இருந்த கொர்நேலியு, அந்தியோகியா ஆயருக்கு எழுதிய கடிதமொன்றைச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்துத் தந்திருக்கிறார். அதில் கொர்நேலியு தம் சபையின் அளவைச் சொல்கிறார்: மூப்பர்கள் 46 பேர், உதவிக்காரர்கள் 7 பேர், துணை உதவிக்காரர்கள் 7 பேர், அவர்களுக்கு ஏவலர்கள் 42 பேர், பேயோட்டுவோரும் வாசகர்களும் வாயில்காப்போரும் 52 பேர், விதவைகளும் துன்பப்படுவோரும் 1500க்கு மேல். ஒரே வாக்கியம், ஒரே பட்டியல். பொறுப்பாளர்களை எண்ணிய கையோடு, அவர்களால் தாங்கப்பட்டவர்களையும் எண்ணியிருக்கிறார். ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அவர் அந்த இடத்தில் சொல்லவே இல்லை.

நான் பொறுப்பிலிருந்து விலகுவதற்கு முந்தைய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் ஆண்டறிக்கையில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், காணிக்கை என்ற வரிகளுக்குப் பக்கத்தில், இந்த ஆண்டு நம்மால் தாங்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று முன்மொழிந்தேன். எதிர்ப்பு எழவில்லை. நேரமில்லாமையால் அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்று பதிவு செய்தார்கள். அடுத்த கூட்டம் முடிந்து அச்சிட்டு வந்த அறிக்கை இப்போது என் முன்னால் இருக்கிறது. அதில் அந்த வரி இல்லை. ‘இதர செலவுகள்’ இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சபைப் பொருளாளர்